உங்கள் கதை, உங்கள் குரல்

இந்த வாரம் சங்கரன்கோவிலில் இருந்து மட்டும் ஆறு கடிதங்கள். ஆறும் சுயசரிதை பற்றியே கேட்கின்றன.

கே: நாற்பது வருஷம் விசைத்தறி ஓட்டினேன். வேறொன்றும் தெரியாது. நானெல்லாம் வாழ்க்கைக் கதை எழுதலாமா?

ப: அந்தத் தறிதான் வேண்டும்! தறிச் சத்தத்துக்கு நடுவே வீட்டில் எப்படிப் பேசிக்கொண்டீர்கள்? கரன்ட் போன நிமிஷம் தெரு எப்படி இருந்தது? பாவில் இழை அறுந்ததை முதலில் கண்டுபிடித்தது கண்ணா, காதா? நீங்கள் எழுதாவிட்டால் இதெல்லாம் உங்களோடு போய்விடும்.

கே: எங்கே தொடங்குவது? பிறந்த நாளிலா?

ப: நீங்கள் பிறந்ததை நீங்கள் பார்க்கவில்லையே! பார்த்ததில் தொடங்குங்கள். ஆடித்தபசில் கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுப்பது ஊருக்கே தெரியும். அப்பா தோளில் நீங்கள் உட்கார்ந்திருக்க, சம்சாரிகள் சூறைவிட்ட பருத்தியும் வத்தலும் தலையில் வந்து விழுந்தது உங்களுக்குத்தான் தெரியும். வத்தல் நெடியில் தும்மினீர்களே, அங்கே போடுங்கள் முதல் வரியை.

கே: பட்ட அவமானத்தையும் எழுதத்தான் வேண்டுமா?

ப: உ.வே.சாமிநாதையர் எழுதினார். 1880 அக்டோபர் 21. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்குகிறார் இருபத்தைந்து வயதுக் கல்லூரித் தமிழாசிரியர். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இல்லை. அன்று வாயடைத்துப்போனவர்தான் 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். புகழெல்லாம் வந்து சேர்ந்த பிறகு, எண்பது வயதைத் தாண்டி, ‘என் சரித்திர’த்தில் இதை ஒளிக்காமல் சொல்கிறார். ஒளித்திருந்தால், அவர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தது எதனால் என்று நமக்குப் புரிந்திருக்காது.

கே: எங்க ஊர்ப் பேச்சில் எழுதினால் மதிப்பார்களா?

ப: கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர் கி.ராஜநாராயணன் கரிசல் பேச்சிலேயே கதை சொன்னார். அந்தச் சொற்களுக்கு ஓர் அகராதியும் தொகுத்தார். 1992இல் வந்த ‘கருக்கு’ நூலில் பாமா தன் வாழ்க்கையை ஊர்ப் பேச்சிலேயே எழுதினார். “ஏலே, இங்க வா” என்று உங்கள் அம்மா கூப்பிட்டதை “மகனே, இங்கே வருவாயாக” என்று எழுதினால், அது வேறு யாரோ அம்மா!

கே: உள்ளதை எழுதினால் சித்தப்பா சண்டைக்கு வருவாரே?

ப: அவர் செய்ததை எழுதுங்கள், தீர்ப்பு எழுதாதீர்கள். அதே பக்கத்தில் நீங்கள் செய்த தப்பும் இருக்கட்டும். அப்படியும் வந்தால் மோர் கொடுத்து உட்கார வையுங்கள். அவர் தரப்புக் கதையும் உங்களுக்குக் கிடைக்கும்.

கே: ஆச்சிக்கு எண்பத்திரண்டு வயசு. எழுதத் தெரியாது. “ஒங்க கதையைச் சொல்லுங்க”ன்னா, “என்னத்தச் சொல்ல”ங்கிறாங்க.

ப: கேள்வி பெரிசாகப் போய்விட்டது. “கல்யாணத்தன்னைக்கு யாரு சமைச்சா? என்ன குழம்பு?” என்று கேட்டுப் பாருங்கள். குழம்பில் ஆரம்பித்து, வராமல் போன தாய்மாமன் வரைக்கும் வந்துவிடுவார். செல்போனில் பதிந்து, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். எண்பத்தைந்தை நெருங்கும்போது விகடனில் ‘என் சரித்திர’த்தைத் தொடங்கிய உ.வே.சா., 122 அத்தியாயங்கள் எழுதியும் 1942இல் மறைந்தபோது கதை முடியவில்லை. அதனால் ஆடி வரட்டும், தை வரட்டும் என்று இருக்காதீர்கள். இன்றைக்குச் சாயங்காலமே ஆச்சி பக்கத்தில் போய் உட்காருங்கள்.