ரசத்தில் விழுந்த பச்சை

கேள்வி: ஐப்பசி பிறந்தால் போதும், சாயங்காலம் டியூப்லைட் போட்டதும் பச்சைப் பூச்சிகள் படையெடுக்கின்றன. ரசத்தில், தயிரில், பேசிக்கொண்டே சாப்பிடும் வீட்டுக்காரர் வாயில்கூட விழுகின்றன. என்ன செய்வது?
- வாசகி, திருவையாறு

பதில்: முதலில் அவரைப் பேசாமல் சாப்பிடச் சொல்லுங்கள். பூச்சி இல்லாத மாதங்களிலும் உதவும்!

வந்திருப்பது பச்சை தத்துப்பூச்சி. நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும்; போகிற போக்கில் துங்ரோ என்ற வைரஸ் நோயையும் பரப்பும். ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறக்காவிட்டால் ஊரே புலம்புகிறோம். திறந்து, நட்டு, பயிர் பச்சை கட்டினால் இதுவும் பந்திக்கு வந்துவிடுகிறது. வெளிச்சத்தைக் கண்டால் அதற்குக் கால் நிற்காது. அதனால்தான் வயலில் விளக்குப்பொறி வைக்கச் சொல்கிறார்கள்: மேலே ஒரு பல்பு, கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டு. உங்கள் வீட்டிலும் அதே ஏற்பாடுதான், தண்ணீருக்குப் பதில் ரசம்.

இருட்டுவதற்குள் சாப்பாட்டை முடியுங்கள். முடியாதா? ஜன்னலுக்கு வலை அடியுங்கள். அதுவரை சாப்பிடும் இடத்தில் விளக்கைக் குறைத்து, வாசல் விளக்கைப் பளிச்சென்று எரியவிடுங்கள். பூச்சி அங்கே போய்விடும். ஆனால் வாசலில் விளக்கெரிந்தால் பக்கத்து வீட்டுப் பெரியவர் அரட்டைக்கு வந்து திண்ணையில் உட்காருவார். அவருக்கு இன்னும் பொறி கண்டுபிடிக்கவில்லை.