ஃப்யூவர் மாமா

அரசாங்க ஆபீசிலோ வங்கியிலோ காலமெல்லாம் இங்கிலீஷில் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவர்கள் குடியிருக்கும் தெரு எதுவானாலும், அதில் ஒரு ஃப்யூவர் மாமா இருப்பார். சட்டைப்பையில் சிவப்பு மைப் பேனா. அலமாரியில் அட்டை கிழிந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம். அந்த ரென்தான் 1924இல் ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலையும் எழுதினார் என்று சொன்னால் மாமாவுக்கு முகம் சுருங்கிவிடும். இலக்கணம் எழுதிய கை கதை எழுதலாமா?

எண்ண முடிந்தால் ஃப்யூவர், மெனி. முடியாவிட்டால் லெஸ், மச். இதுதான் அவருடைய காயத்ரி. ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று பலகை மாட்டிய கடைக்குள் நாற்காலி வாங்கவா போவார்? அந்தக் கடைசி ‘எஸ்’ஸை எடுக்கச் சொல்லத்தான் போவார். “உள்ள நாப்பது கட்டில், இருபது பீரோ கிடக்கு சார். எஸ் போடலேன்னா ஒண்ணுதான் இருக்குன்னு நெனச்சுக்க மாட்டாங்களா?” என்பார் கடைக்காரர். நியாயமாகத்தான் படுகிறது. இங்கிலீஷில் ‘மணி’, அதாவது பணம், என்பது எண்ண முடியாத பெயர்ச்சொல் என்று மாமா வங்கிக் காசாளரிடமே விளக்கியிருக்கிறார். அவர் நோட்டுக் கட்டை மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

பெரியப்பா ஒருவர் தவறிப்போன செய்தி குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் வந்தது. “லெஸ் பீப்பிள் லைக் ஹிம் நவ்” என்று யாரோ உருகியிருந்தார். மாமாவின் பதில் ஒரு நிமிடத்தில் வந்தது: “ஃப்யூவர் பீப்பிள். ஆழ்ந்த அனுதாபங்கள்.”

வீட்டில் மட்டும் இது செல்லாது. “டிகாக்‌ஷன் கொஞ்சம் இருக்கு” என்று மாமி சொன்னால், “லிட்டிலா, எ லிட்டிலா?” என்பார். வெறும் லிட்டில் என்றால் இல்லாத கணக்கு. முன்னால் ஒரு ‘எ’ வந்தால் அரை டம்ளராவது தேறும். “ஒரு முழுங்கு இருக்கு. இன்னும் பேசினேள்னா அதுவும் இல்லே.”

அவருடைய பொற்காலம் 2008. ‘பத்துப் பொருள் அல்லது லெஸ்’ என்றிருந்த பலகையை பிரிட்டனின் டெஸ்கோ கடைகள் அந்த வருஷம் மாற்றத் தொடங்கின. தானே வழக்காடி ஜெயித்ததுபோல் சொல்வார். டெஸ்கோ ஃப்யூவரும் போடவில்லை, ‘பத்து வரை’ என்று எழுதி நழுவிவிட்டது என்பதை மட்டும் விட்டுவிடுவார். அந்த விதியே அவ்வளவு பழசில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஆங்கிலேய மன்னர் ஆல்பிரட் எண்ணக்கூடியவற்றுக்கும் லெஸ் போட்டிருக்கிறார். 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர், ஃப்யூவர் இருந்தால் நன்றாயிருக்குமே என்று தன் விருப்பமாகத்தான் எழுதிவைத்தார். அது சட்டமானது பிற்பாடு. இதை மாமாவிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அவருக்கு ரத்த அழுத்தம் வேறு.

போன மாதம் சலூனில் அவருக்கு அடுத்த நாற்காலியில் நான்.

“ஹேர்ஸ் ரொம்ப கொட்டிப்போச்சு சார்” என்றார் முடிதிருத்துபவர்.

“ஹேர்ஸ் இல்லேப்பா, ஹேர். எண்ண முடியாதது.”

அவர் சீப்பை நிறுத்தி மாமாவின் உச்சந்தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “மத்தவங்களுக்குச் சரி சார். உங்களுக்கு எண்ணிடலாமே?”

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மாமா கண்ணாடியில் தன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “கரெக்ட். தனித்தனி இழைன்னா ஹேர்ஸ் வரும்” என்று சொல்லிவிட்டு, கூலிக்கு மேல் இருபது ரூபாய் கொடுத்தார்.