மெயின் சூத்திரம்: பாடபேதமும் உரையும்

தமிழகப் பொறியியல் கல்லூரி லேப்களில் நாள்தோறும் ஓதப்பட்டும் இன்றுவரை முறையான உரை காணாத சூத்திரம் ஒன்று உண்டு. 'பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்ட் மெயின் ஸ்ட்ரிங் ஆர்க்ஸ்' என்பது அது. ஆறே சொல்; அடைப்புக்குறிகள் தனி. பொருள் கேட்கும் மாணவருக்கு ஆசிரிய மரபு தரும் விடை ஒன்றுதான்: "இப்போதைக்கு அப்படியே எழுதிக்கோ, பின்னாடி புரியும்." இந்தப் 'பின்னாடி' எந்த செமஸ்டரில் வருகிறது என்று பாடத்திட்டத்தில் குறிப்பு இல்லை. அக்குறை நீக்க எழுந்ததே இவ்வாய்வு.

முதலில் காலம். ஜாவா மொழியை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அறிவித்தது 1995-இல். வடித்தவர்களில் முதல்வர் ஜேம்ஸ் காஸ்லிங். ஆனால் 'மெயின்' அவர் சொல் அன்று. டென்னிஸ் ரிச்சியின் சி மொழியிலேயே அது உண்டு. கெர்னிகனும் ரிச்சியும் 1978-இல் வெளியிட்ட நூலின் முதல் புரோகிராமில் மெயின் தன்னந்தனியாக, முன்னே ஒரு சொல்லும் இன்றி நிற்கிறது. ஆகவே பப்ளிக், ஸ்டாட்டிக், வாய்ட் மூன்றும் இடைச்செருகல் எனத் துணியலாம். (டர்போ சி நீலத்திரையில் நாமெல்லாம் 'வாய்ட் மெயின்' என்று எழுதிப் பாஸானது வேறு கதை. சி மொழியின் தர ஆவணம் காட்டுவது 'இன்ட் மெயின்'.)

இனி சொற்பொருள். பாயிரம் இல்லாதது நூலாகாது என்பார் நன்னூலார். மெயின் இல்லாத ஜாவா கிளாஸ் கம்பைல் ஆகும், ஓடாது. ஓட்டிவைக்கும் ஜாவா எந்திரம் வெளியாள். அது உள்ளே வந்து அழைப்பதற்காக 'பப்ளிக்'. திருப்பித் தர ஒன்றும் இல்லை என்பதால் 'வாய்ட்'. 'ஸ்ட்ரிங் ஆர்க்ஸ்' என்பது கட்டளை வரியில் புரோகிராம் பெயருக்குப் பின் நாம் தட்டும் சொற்களின் வரிசை. லேப்பில் யாரும் எதுவும் தட்டுவதில்லை. வரிசை காலியாகவே வந்து காலியாகவே போகிறது.

'ஸ்டாட்டிக்' என்பதில்தான் உரையாசிரியர்கள் இடறுகிறார்கள். ஜாவாவில் மெத்தட் எதுவும் கிளாஸுக்குள்தான் குடியிருக்க வேண்டும். சாதாரண மெத்தடைக் கூப்பிட அந்த கிளாஸுக்கு ஓர் ஆப்ஜெக்ட் வேண்டும். ஆப்ஜெக்டை உண்டாக்க ஏதாவது ஒரு வரி ஓட வேண்டும். வரி ஓட மெயின் ஓட வேண்டும். மெயினைக் கூப்பிடவோ ஆப்ஜெக்ட் வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதை. இந்த முடிச்சை அவிழ்ப்பதே ஸ்டாட்டிக்: ஆப்ஜெக்ட் இல்லாமலே கிளாஸின் பெயரால் கூப்பிடலாம் என்னும் சலுகை. அந்தச் சலுகைக்கு விலை உண்டு. மெயினுக்குள்ளிருந்து சாதாரண மெத்தடை நேரே கூப்பிட்டால் கம்பைலர் மறுக்கும். உடனே மாணவர் கண்ணில் பட்ட மெத்தடுக்கெல்லாம் ஸ்டாட்டிக் சேர்ப்பார்; எர்ரர் மறையும்; நோய் உள்ளேயே இருக்கும். ஆப்ஜெக்ட் ஓரியண்டட் மொழியில் ஒரு ஆப்ஜெக்ட் கூட உண்டாக்காமல் ஆறு மாதம் ஓட்டியவர்கள் உண்டு. இவர்களே வைவாவில் "ஆப்ஜெக்ட் இல்லாம கூப்பிடறதுக்கு சார்" என்று பிழையின்றி ஒப்பித்து முழு மார்க் வாங்குவார்கள்.

பாடபேதங்கள் பல. 'ஸ்டாட்டிக் பப்ளிக்' என முன்பின்னாக எழுதினாலும் ஓடும். 'ஆர்க்ஸ்' வெறும் பெயர்; அந்த இடத்தில் தமிழ் எழுத்தில் 'முருகா' என்று எழுதினாலும் ஜாவா மறுப்பதில்லை. ஆனால் 'மெயின்' என்பதன் முதல் ஆங்கில எழுத்தைப் பெரிதாக்கினால் கம்பைலர் வாய் திறக்காது; ஓட்டும்போதுதான் 'மெயின் மெத்தட் காணவில்லை, இவ்வாறு எழுதுக' என்று எர்ரர் வரும், அடியிலேயே சூத்திரம் முழுவதும் அச்சாகி. கேள்வித்தாளிலேயே விடையை அச்சிட்டுத் தரும் பண்பு வேறெந்தத் தேர்வுத் துறையிலும் இல்லை. அதே பெரிய எழுத்துதான் சி ஷார்ப் மொழியில் சரியான பாடம்.

எல்லாம் மெயினில்தான் தொடங்குகிறது என்பதையே மறுக்கும் கட்சியும் உண்டு. கிளாஸுக்குள் ஒரு ஸ்டாட்டிக் பிளாக் எழுதினால் அது மெயினுக்கு முந்திக்கொள்கிறது. ஜாவா 6 வரை மெயினே இல்லாமல்கூட அந்த பிளாக் தன் வேலையை முடித்துவிடும், எர்ரர் பிறகுதான் வரும். 2011-இல் வந்த ஜாவா 7 இந்தச் சந்தை அடைத்தது. இன்டர்வியூக்காரர்கள் மட்டும் இன்னும் அடைக்கவில்லை.

சூத்திரத்தை விடப் பெரிய மர்மம் மற்ற மெத்தடுகள். பிளஸ் டூவில் பைத்தான் படித்து வந்தவர், புரோகிராம் மேலிருந்து கீழாக ஓடும் என்று நம்பி வருகிறார். இரண்டு எண்களைக் கூட்ட 'கூட்டு' என்று அழகாக ஒரு ஸ்டாட்டிக் மெத்தட் எழுதுகிறார். மெயின் காலி. கம்பைல் ஆகிறது, ஓடுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. எழுதியதை யாரும் கூப்பிடவில்லை என்று பக்கத்து சீட் நண்பர் விளக்க, மெயினுக்குள் 'கூட்டு(2, 3)' சேர்க்கிறார். மறுபடியும் ஒன்றும் இல்லை. ஐந்து வந்தது, வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் போயிற்று. ரிட்டர்ன் வேறு, பிரிண்ட் வேறு. விடையை ஒரு வேரியபிளில் வாங்க வேண்டும், அல்லது அங்கேயே அச்சிட வேண்டும். மெத்தடுகளை மெயினுக்கு மேலே எழுதுவதா கீழே எழுதுவதா என்ற சர்ச்சைக்கு ஜாவாவில் பொருளே இல்லை. ஓடும் வரிசையை முடிவு செய்வது கூப்பிடும் வரிசைதான்.

இறுதியாக ஒரு செய்தி. 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25, சூத்திரத்தைச் சுருக்கிவிட்டது. 'வாய்ட் மெயின்', இரண்டு அடைப்புக்குறி போதும். பப்ளிக் வேண்டாம், ஸ்டாட்டிக் வேண்டாம், கிளாஸ் என்ற உறைகூடத் தேவையில்லை. வேண்டிய ஆப்ஜெக்டை ஜாவாவே உண்டாக்கிக்கொள்ளும். முப்பது ஆண்டு மனப்பாடத்துக்குப் பின் மொழியே இறங்கி வந்திருக்கிறது. பழைய பாடமும் செல்லும். உங்கள் லேப்பில் எந்த ஜாவா இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பாடத்திட்டம் மாறும்வரை ரெக்கார்ட் நோட்டில் ஆறு சொல்லையும் எழுதிவையுங்கள்.