வயிற்றுவலிக்குக் கிடைத்த பாராட்டு

தாராபுரத்துக் குண்டுராவுக்குப் பெயரில் மட்டும்தான் குண்டு. ஒல்லி உடம்பு, அம்மைத் தழும்பு முகம், ரயில்வேயில் வேலை. நாடகம் ஒன்றில் அவருக்கு வயிற்றுவலிக்காரர் வேடம் கிடைத்தது. சின்ன வேடம்தான். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர்., பேசும்போது அந்த வயிற்றுவலியைத்தான் தேடிப் பாராட்டினார். கதாநாயகனாக நடித்தவருக்கு அன்று ராத்திரி நிஜமாகவே வயிறு எரிந்திருக்கும்.

அந்த ஒல்லி மனிதர்தான் நாகேஷ். அவர் நோயாளியாக வந்தால் அந்த நோயாளிக்கு வலி நிஜம். சிரிப்பது பார்க்கிறவர்கள் பாடு.

1964-இல் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’யில் செல்லப்பாவாக வரும் நாகேஷ் கதை சொல்லும் இடத்தைப் பாருங்கள். ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ முதலாளி. கையில் சல்லிக்காசு கிடையாது. படம் எடுக்கப் பணம் தர வேண்டிய அப்பா பாலையாவை உட்கார வைத்துப் பேய்க்கதை சொல்கிறார். கதை என்று அதில் ஒன்றுமே கிடையாது. இருட்டு, காற்று, கதவு எல்லாவற்றையும் வாயாலும் கையாலும் அவரே உண்டாக்கிக்கொள்கிறார். கேட்கிற பாலையாவுக்கு முதலில் அலட்சியம். கொஞ்ச நேரத்தில் கண் உருள்கிறது, உடம்பு நெளிகிறது. தியேட்டர் சிரித்தது பாலையாவின் முகத்தைப் பார்த்துத்தான். நாகேஷ் கடைசிவரை சிரிக்கவே இல்லை. பயமுறுத்துவது ஒன்றே அவர் வேலை. பாதி நடிப்பை எதிராளியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்க எத்தனை நடிகர்களுக்கு மனசு வரும்? நமக்கெல்லாம் பந்தியில் அப்பளத்தைப் பங்கு போடவே கை வராது.

அடுத்த வருஷம் ஏ.பி.நாகராஜனின் ‘திருவிளையாடல்’. சிவாஜியே சிவனாக நிற்க, நாகேஷ் வறுமைப் புலவர் தருமி. சிவன் வருவாரா மாட்டாரா என்று மண்டபத்தில் தனியாகப் புலம்பும் காட்சிக்கு விதை போட்டது, சிவாஜி மேக்கப் முடித்து வந்தாரா இல்லையா என்று இரண்டு உதவி இயக்குநர்கள் அடித்துக்கொண்ட பேச்சு என்று கோடம்பாக்கத்தில் சொல்வார்கள். வேலைக்கு நடுவே ஊர்வம்பு கேட்பதும் உபயோகமான பழக்கம்தான் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு எத்தனையோ படங்கள். 1989-இல் ‘அபூர்வ சகோதரர்க’ளில் வில்லனாகவும் வந்து மிரட்டினார்.

1994-இல் ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணம். வசனம் கிடையாது, கண்ணைத் திறக்க வழியில்லை. ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் இழுத்த இழுப்புக்கெல்லாம் தலை தொங்கி, கை துவண்டு, இஷ்டத்துக்குச் சாய்கிறார். விறைப்பாகக் கிடந்தால் யாரும் செய்துவிடலாம்; துவண்டு விழும்போது அடிபடாமல் காத்துக்கொள்ளத் துடிக்கும் உடம்பை அடக்குவதுதான் சிரமம். அதே வருஷத்து ‘நம்மவ’ரில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியராக அழ வைத்ததற்குத் தேசிய விருது கிடைத்தது. பிணத்தைக் கமிட்டியார் தூங்குகிறது என்று நினைத்து எழுப்பாமல் விட்டிருப்பார்கள்.