கண்ணால் கண்டதும் சாட்சியாகாது

கேள்வி: இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் குத்தெதிர்க் கோணங்கள் சமம். படத்தைப் பார்த்தாலே தெரிகிறதே! இதை நிரூபி என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையை வாட்டுவது அநியாயம் இல்லையா?
- ஓர் அம்மா, திண்டுக்கல்

பதில்: வழக்கு சுமார் 2,300 ஆண்டுகளாக நிலுவையில் இருக்கிறது, அம்மா. எதிரி, கிரேக்கக் கணிதர் யூக்ளிட். இந்த உண்மையைக் கண்டவர் அவருக்கும் மூத்த கிரேக்கரான தேலீஸ் என்று, யூக்ளிடுக்குப் பிற்கால உரையாசிரியரான ப்ரோக்ளஸ் எழுதிவைத்திருக்கிறார். 'பார்த்தாலே தெரிகிறது' என்ற சாட்சியை ஏற்காமல், தன் வடிவியல் நூலின் முதல் பகுதியில் 15ஆம் தேற்றமாக வைத்து நிரூபித்தவர் யூக்ளிட்.

பிள்ளைக்குச் சுலபம்தான். ஒரு கத்தரிக்கோலை விரியுங்கள். முனைப் பக்கத்துக் கோணம் 50 டிகிரி என்று வையுங்கள். அதுவும் பக்கத்துக் கோணமும் சேர்ந்து ஒரே நேர்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. இதுதான் நேரிய கோண இணை, கூட்டினால் 180. ஆகப் பக்கத்துக் கோணம் 130. அந்த 130க்குக் கைப்பிடிப் பக்கத்திலும் ஒரு ஜோடி உண்டு. அங்கேயும் 180தான் கணக்கு. மிச்சம்? அதே 50! எந்த எண்ணைப் போட்டாலும் இதே கதைதான். (யூக்ளிட் டிகிரியே பேசவில்லை, 'இரண்டு செங்கோணம்' என்றே முடித்துக்கொண்டார்.)

தேர்வில் வழுக்கும் இடம் வேறு. கூட்டுத்தொகை 180 வந்துவிட்டதாலேயே இரண்டு கோணங்கள் நேரிய இணை ஆகிவிடாது. ஒரே முனை, நடுவில் ஒரு பொதுக் கதிர் இரண்டும் வேண்டும். ஆளுக்கொரு மூலையில் இருந்தால் அவை வெறும் மிகைநிரப்புக் கோணங்கள். ஜாதகம் பொருந்தியிருக்கிறது, கல்யாணம் ஆகவில்லை!