தகடூர் நாட்டில் ‘கிரஷ்’ வழங்குமாறு

பல்லை நறநறவெனக் கடித்தல், நொறுக்குதல் எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற ‘கிரஷ்’ என்னும் சொல், இன்று, பண்டு தகடூர் எனப்பட்ட தருமபுரி மாவட்டத்தில் ஆலை, குவாரி, பேருந்து ஆகிய மூன்று களங்களில் மூன்று பொருள் பட வழங்குகிறது.

இவற்றுள் மூத்தது ஆலை வழக்கு. இம்மண்ணுக்குக் கரும்பைக் கொணர்ந்தோர் தகடூர் அதியமானின் முன்னோர் என்பது புறநானூறு தரும் செய்தியாதலின், பாலக்கோட்டுக் கூட்டுறவு ஆலையிலும் கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா ஆலையிலும் கரும்பு உருளைகளுக்கிடையே நசுங்கிச் சாறு வேறு, சக்கை வேறாகும் ‘அரவை’யின் மீது இம்மாவட்டத்தார் தனியுரிமை கொண்டாடுவதில் பிழையில்லை. 1858இல் ஈலை விட்னி பிளேக் என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்ற தாடைப்பொறியின் வழிவந்த கிரஷரில் கருங்கல் முக்கால் ஜல்லியாவது குவாரி வழக்கு. மூலப்பொருளுக்கு மிக அணுக்கமானது இதுவே என்பதை, ஜல்லி லாரியின் பின்னே பைக்கில் செல்வோர் தம் பற்களைக் கொண்டே நிறுவிக்கொள்ளலாம்.

உண்மையில் ஆய்வுக்குரியது மூன்றாம் பொருளாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பேச்சுவழக்கில் தோன்றி இங்குள்ள கல்லூரி மாணவரிடம் வந்து சேர்ந்த இது, ஒருவர் மனத்தில் மட்டும் நிகழ்ந்து மற்றவர் அறியாது போகும் விருப்பத்தைக் குறிக்கும். தொல்காப்பியர் இதனைக் ‘கைக்கிளை’ என்று பெயரிட்டு ஏழு திணைகளுள் முதலில் வைத்தும், ஏனோ அதற்கு நிலம் வகுக்காது விட்டார். அக்காலத்தில் டவுன் பஸ் இல்லாமையே காரணம் எனக் கொள்வது தகும். இத்திணைக்குப் பொழுது காலை, தெய்வம் நடத்துநர், பறை ஏர் ஹாரன், தொழில் இடமிருந்தும் படியில் தொங்குதல். ஆங்கிலத்தில் கூட்ட நெரிசலுக்கும் ‘கிரஷ்’ என்றே பெயராதலின், குறிஞ்சி, முல்லை போல நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் ஒரே பெயர் வழங்கும் மரபும் இங்கு வழுவவில்லை.

மேலும், 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்வதால் தலைவன் மட்டுமே காசு கொடுத்துப் பயணம் செய்கிறான். ‘ஒருதலை’ என்னும் இலக்கணம் இத்துணைத் துல்லியமாக வேறெங்கும் அமைந்ததில்லை. ஆகவே கைக்கிளைக்குரிய நிலம் டவுன் பஸ்ஸே என இவ்வாய்வு துணிகிறது. மறுக்க விரும்பும் புலவர்கள், காலை எட்டரை மணி வண்டியில் ஒருமுறை ஏறி இறங்கியபின் மறுப்பார்களாக.