குழைந்த உருளைக்கிழங்கு

பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் ஓட்டு வாங்கி, உலகின் தலைசிறந்த படத்தை அறிவிக்கும். 1962 முதல் ஐந்து முறை 'சிட்டிசன் கேன்'. 2012இல் 'வெர்டிகோ'. 2022இல் ஷாந்தால் ஆகர்மன் எடுத்த 'ஜான் டீல்மன்': மூன்று மணி இருபது நிமிடம், பெரும்பாலும் சமையலறை.

கடமையே என்று உட்கார்ந்தேன். கதையின் இரண்டாம் நாள், நாயகி வேகவைக்கும் கிழங்கு குழைந்துபோகிறது. அதுதான் படத்தின் திருப்புமுனை என்று கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "அடுப்பை மறந்துட்டா பாரு, மனசு சரியில்ல அவளுக்கு" என்றாள். அத்தோடு விமர்சனம் முடிந்தது.

"போதும்டா, அந்த சாம்பார்ல மீன் விழுற படத்தைப் போடு."

'மைக்கேல் மதன காமராஜன்' போட்டேன். எத்தனையாவது தடவையோ! பட்டியலில் இது எத்தனையாவது என்று கேட்டாள். இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்களாம் என்றேன்.